கட்டும் முன் நடந்து பார்ப்போம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மனிதனின் அடிப்படைத் தேவைகள் என்று தொடக்கப் பள்ளியிலேயே படித்தோம். இவற்றுள் முதல் இரண்டையும் வாங்குமுன் சோதித்துப் பார்க்க வழியுண்டு. அரிசியை வாயில் போட்டுக் கடித்துப் பார்க்கலாம். சட்டையைத் தோளில் வைத்துப் பார்க்கலாம். வீடு ஒன்றுதான் பணம் முழுவதையும் செலவழித்துக் கட்டி முடித்த பிறகே கண்ணுக்குத் தெரிகிறது. அப்போது பிழை தெரிந்தால் இடிக்க வேண்டும். இடிக்கப் பணமில்லாதவர் அந்தப் பிழையோடு வாழ வேண்டும்.

இக்குறையை ஓரளவு நீக்கக்கூடிய ஒரு கருவி இன்று நம் கைக்கு எட்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் விர்ச்சுவல் ரியாலிட்டி என்று வழங்கும் அதனை 'மெய்நிகர்க் காட்சி' என்று இக்கட்டுரையில் குறிப்பிடுகிறேன். கண்ணில் ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டு விளையாடும் விளையாட்டு என்றே நம்மில் பலர் இதனை அறிவோம். ஒரு கட்டடத்தை உருவாக்கும் பலரும் கூடிப் பேசி ஒத்த முடிவுக்கு வர இது எவ்வாறு உதவுகிறது என்பதையே இங்கு ஆராய விரும்புகிறேன்.

கோடும் சுவரும்

ஒரு சிறிய வீடானாலும் அதனை ஒருவர் மட்டும் கட்டுவதில்லை. வரைபடம் வரைபவர் ஒருவர்; கம்பி கட்டுபவர் ஒருவர்; கொத்தனார், சித்தாள், சென்டரிங் அடிப்பவர், மின்கம்பி இழுப்பவர், குழாய் பதிப்பவர் எனப் பலர். இவர்கள் எல்லோருக்கும் மேலாக, அதில் வாழப்போகும் குடும்பத்தார். இத்தனை பேருக்கும் பொதுவான மொழியாக இருப்பது ஒரு தாள். பிளான் என்று நாம் சொல்லும் வரைபடமே அது.

பிளான் என்பது என்ன? கட்டி முடித்த வீட்டைத் தரையிலிருந்து ஏறத்தாழ 4 அடி உயரத்தில் கத்தியால் குறுக்கே வெட்டி, மேற்பகுதியை எடுத்துவிட்டு, மேலிருந்து பார்த்தால் தெரியும் தோற்றமே பிளான். நீளமும் அகலமும் அதில் உண்டு, உயரம் இல்லை. உயரத்தைக் காட்டக் குறுக்குவெட்டுப் படம் என்று தனியே ஒன்று வரைய வேண்டும். இரண்டையும் மனத்துக்குள் பொருத்தி ஒரு முழுக் கட்டடத்தைக் காண்பதற்குப் பயிற்சி வேண்டும். பயிற்சி பெற்றவரும் தவறுவதுண்டு.

நம் ஊர்ப்பக்கம் இதற்கு ஒரு பழைய மாற்று வழி இருக்கிறது. கடைக்கால் தோண்டுமுன் முளைக்குச்சி அடித்து, நூல் கட்டி, சுண்ணாம்புத் தூளால் தரையிலேயே அறைகளின் கோட்டைப் போடுவார்கள். வீட்டுக்காரர் அந்தக் கோட்டுக்குள் இறங்கி நடந்து பார்ப்பார். "அடுப்படி சின்னதாத் தெரியுதே" என்று வீட்டுப் பெண்கள் சொல்வது பெரும்பாலும் அன்றைக்குத்தான். தாளில் 100-இல் ஒரு பங்காகச் சுருங்கியிருந்ததை முழு அளவில் காலால் அளந்து பார்க்கும் இம்முறையை மெய்நிகர்க் காட்சியின் பாட்டன் என்றே சொல்லலாம். ஆனால் இதிலும் உயரம் இல்லை. அந்த ஒரு குறை எங்கள் குடும்பத்துக்கு என்ன செய்தது என்பதைச் சொன்னால் பொருள் தெளிவாகும்.

எங்கள் வீட்டுப் பிழை

பென்னாகரத்துக்கு அருகிலுள்ள எங்கள் கிராமத்தில் சென்ற ஆண்டு வீடு கட்டினோம். என் தந்தை கொத்து வேலை செய்பவர். நம் மாவட்டத்தின் ஆயிரக்கணக்கான தொழிலாளரைப் போல அவருக்கும் வேலை பெங்களூரில்தான். எனவே ஊர் மேஸ்திரி ஒருவர் எங்கள் வீட்டைக் கட்டினார். பிளான் வரைந்து கொடுத்தவர் வெளியூர்க்காரர்.

சுண்ணாம்புக் கோடு போட்ட அன்று என் தாயார் புறக்கடைக்குச் செல்லும் வழியில் நின்று, "கொடத்த எடுத்துக்கிட்டு இதுல போவ வருமா?" என்று கேட்டார். "மூணரை அடி வழி விட்டிருக்கேன்மா, தாராளமாப் போகலாம்" என்றார் பிளான் வரைந்தவர். அம்மா தயங்கினார், என் முகத்தைப் பார்த்தார். எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். டேப்பை வைத்து அளந்து காட்டி, "சரியா இருக்கும்மா" என்றேன். அதன்பின் அவர் பேசவில்லை.

அந்த வழிக்கு மேலேதான் மாடிப்படியின் லேண்டிங் வந்தது. கணக்கைப் பாருங்கள். தரைக்கும் மாடித் தளத்துக்கும் இடையே 10 அடி, அதாவது 120 அங்குலம். படிகள் 18. ஆகவே ஒரு படியின் உயரம் 6.67 அங்குலம். 9 படி ஏறியதும் லேண்டிங். அது தரையிலிருந்து 60 அங்குல உயரத்தில் நிற்கும். அதன் கான்கிரீட் கனம் 5 அங்குலம். மீதம் 55 அங்குலம், அதாவது 4 அடி 7 அங்குலம். படிக்கட்டின் கீழே நடைவழி இருந்தால் 2.2 மீட்டர் உயரமாவது வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கூறுகிறது. அது ஏறத்தாழ 7 அடி 2½ அங்குலம். எங்களுக்குக் கிடைத்தது அதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு.

பொங்கலுக்கு அப்பா ஊருக்கு வந்தபோது சென்டரிங் பிரித்தாகிவிட்டது. பார்த்தவுடன் அவருக்குத் தெரிந்துவிட்டது. லேண்டிங்கை உயர்த்துவதென்றால் முதல் வரிசையிலேயே 14 படிகள் வைக்க வேண்டும். 10 அங்குல மிதி 13 வந்தால் 130 அங்குலம், ஏறத்தாழ 11 அடி. அங்கே இருந்ததோ 7 அடி இடம். வேறு வழியின்றி அந்த நடைவழியை அடைத்துவிட்டு, அடுப்படிச் சுவரை உடைத்து, கடப்பைக்கல் மேடையைக் குறுக்கி, அங்கே ஒரு கதவு வைத்தோம். அப்பாவின் ஒரு மாதக் கூலி அதில் போயிற்று. அடுப்படியும் குறுகிற்று.

இங்கே தவறு யாருடையது என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அம்மா கேட்டது சரியான கேள்வி. பதில் சொன்ன இருவரும் அகலத்தைச் சொன்னோம். தாளில் இருந்தது அதுதான். படம் படிக்கத் தெரியாதவர் என்பதால் அவருடைய ஐயத்தை நாங்கள் மதிக்கவில்லை. படம் படிக்கத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கோ அந்த ஐயமே எழவில்லை.

சிட்டர்சன் மண்டபம்

இப்பொருளைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது, இதே போன்ற நிகழ்ச்சி 1980-களில் அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் நடந்திருப்பதை அறிந்து வியந்தேன்.

சேப்பல் ஹில் என்னும் ஊரிலுள்ள அப்பல்கலைக்கழகத்தின் கணிப்பொறித் துறைக்குச் சிட்டர்சன் மண்டபம் என்ற புதிய கட்டடம் திட்டமிடப்பட்டது. அத்துறையை 1964-இல் தோற்றுவித்தவர் பேராசிரியர் ஃபிரெடரிக் புரூக்ஸ். ஐ.பி.எம். நிறுவனத்தின் சிஸ்டம்/360 கணிப்பொறியை உருவாக்கிய குழுவின் தலைவராக இருந்தவர், 1999-இல் டூரிங் விருது பெற்றவர், 2022-இல் மறைந்தார். அவருடைய மாணவர் குழு, கட்டப்படாத அக்கட்டடத்தைக் கணிப்பொறிக்குள் முழுவதுமாக உருவாக்கியது. நடைப்பட்டையின் மேல் ஏறி நடந்தால் காட்சியும் நகரும். சைக்கிளின் கைப்பிடி போன்ற ஒன்றைத் திருப்பினால் திசை மாறும்.

முன்கூடத்தில் ஒரு தடுப்புச் சுவர், பலரும் நடமாடும் வழியை நெருக்குவதாக அங்கே பணிபுரியப் போகிறவர்கள் கருதினார்கள். கட்டடக் கலைஞர்கள் அதை ஏற்கவில்லை. பின்னர் அவர்களையே அந்த மெய்நிகர் முன்கூடத்துக்குள் நடந்து பார்க்கச் செய்தார்கள். பார்த்த பிறகு கலைஞர்கள் உடன்பட்டார்கள். சுவர் தாளிலேயே தள்ளி வைக்கப்பட்டது. கட்டடம் 1987-இல் எழுந்தது.

இந்நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நெருக்கடியை முதலில் உணர்ந்தவர்கள் கட்டடக் கலை அறியாதவர்கள். அவர்கள் வாயால் சொன்னபோது எடுபடாத கருத்து, அறிந்தவர்கள் தம் காலால் நடந்தபோது எடுபட்டது. இரு தரப்பாரும் ஒரே இடத்தில் நின்று ஒரே பொருளைப் பார்த்தார்கள். அவ்வளவுதான் வேறுபாடு.

கண்ணை ஏமாற்றும் இயற்பியல்

இல்லாத சுவர் இருப்பதாகத் தோன்றுவது எப்படி? இயற்பியல் மாணவர் என்ற முறையில் இதைச் சற்று விளக்க வேண்டும்.

நம் இரு கண்களும் ஏறத்தாழ 6.3 சென்டிமீட்டர் இடைவெளியில் உள்ளன. ஒவ்வொன்றும் சற்றே வேறுபட்ட படத்தைக் காண்கிறது. இரண்டையும் இணைத்து மூளை ஆழத்தை அறிகிறது. இதனை 1838-இல் விளக்கிக் காட்டியவர், மின்தடை அளக்கும் வீட்ஸ்டன் சமனச்சுற்றால் நாம் நன்கறிந்த சார்லஸ் வீட்ஸ்டன். இரு கண்களுக்கும் தனித்தனிப் படம் காட்டும் ஸ்டீரியாஸ்கோப் கருவி அவர் அமைத்ததே.

1 மீட்டர் தொலைவிலுள்ள பொருளை நோக்கும்போது இரு கண்களின் பார்வைக் கோடுகளுக்கு இடைப்பட்ட கோணம் 0.063 ரேடியன், அதாவது 3.6 பாகை. 10 மீட்டர் தொலைவில் அது 0.36 பாகையாகச் சுருங்குகிறது. ஆகவே இரு கண்களால் ஆழம் அறியும் திறன் அருகில் மிகுதி, தொலைவில் குறைவு. ஓர் அறைக்குள் நாம் காண்பவையெல்லாம் சில மீட்டருக்குள் அடங்குவதால், கட்டடத்தின் உட்புறத்தைக் காட்ட இக்கருவி மிகவும் பொருந்துகிறது.

படம் இரண்டானால் மட்டும் போதாது. தலையைத் திருப்பினால் காட்சியும் அதற்கேற்ப மாற வேண்டும். 1968-இல் அமெரிக்க அறிஞர் ஐவன் சதர்லாந்து தலையில் அணியும் கருவியொன்றை அமைத்து இதைச் செய்து காட்டினார். அது கூரையிலிருந்து தொங்கும் அளவுக்குப் பளுவானது. அவர் அதில் காட்டிய உருவங்களுள் ஒன்று, கோடுகளால் மட்டும் ஆன ஓர் அறை என்பது நம் தலைப்புக்குப் பொருத்தமான செய்தி.

இன்றைய கருவிகளில் முடுக்கமானியும் சுழல்மானியும் தலையின் அசைவை அளக்கின்றன. பல கருவிகளில் நொடிக்கு 90 படங்கள் மாறுகின்றன. தலை திரும்புவதற்கும் படம் மாறுவதற்கும் இடையே 20 மில்லி நொடிக்கு மேல் தாமதம் ஏற்பட்டால் கண் ஒன்றைச் சொல்ல, உட்செவி வேறொன்றைச் சொல்ல, தலைசுற்றல் வருகிறது.

ஒரே கட்டடத்துக்குள் பலர்

பெரிய கட்டடங்களில் சிக்கல் பல மடங்காகிறது. தூண், விட்டங்களின் படத்தை ஒரு பொறியாளர் வரைகிறார். குழாய்ப் படத்தை இன்னொருவர். மின்சாரப் படத்தை மற்றொருவர். தனித்தனியே ஒவ்வொன்றும் சரியாகவே இருக்கும். ஒன்றன்மேல் ஒன்றை வைக்கும்போதுதான் விட்டம் செல்லும் இடத்தில் குழாயும் செல்வது தெரியவரும்.

இதனைத் தவிர்க்க எல்லாத் தகவலையும் ஒரே முப்பரிமாண மாதிரியில் சேர்க்கும் முறை எழுந்தது. 1970-களின் நடுவிலேயே இக்கருத்தை முன்வைத்தவர் அமெரிக்கப் பேராசிரியர் சார்லஸ் ஈஸ்ட்மன். இன்று 'பிம்' என்று சுருக்கமாக வழங்கும் கட்டடத் தகவல் மாதிரி இதன் வளர்ச்சியே. நம் நாட்டில் நாக்பூர் மெட்ரோ ரயில் திட்டத்தில் ஐந்து பரிமாண மாதிரி கையாளப்பட்டது. நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றோடு காலம், செலவு ஆகிய இரண்டையும் சேர்த்தால் ஐந்து.

இத்தகைய மாதிரிக்குள் பலரும் ஒன்றாக நுழைய வழி செய்வது மெய்நிகர்க் காட்சி. 1980-களின் இறுதியில் ஜாரன் லானியரின் வி.பி.எல். நிறுவனம் இருவர் ஒரே மெய்நிகர் உலகில் சந்திக்கும் அமைப்பை உருவாக்கியது. 1992-இல் சிகாகோவிலுள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்தார், சுவர்களே திரைகளாக அமைந்த 'கேவ்' என்னும் அறையைக் காட்டினர். அதற்குள் பலர் சேர்ந்து நின்று பார்க்கலாம். நம் நாட்டில், 2015-இல் நொய்டாவில் கௌதம் திவாரி, திதி திவாரி ஆகியோர் தொடங்கிய ஸ்மார்ட்விஸ்எக்ஸ் நிறுவனம், கட்டடத் துறைக்கென்றே ட்ரெஸி என்ற மெய்நிகர் மென்பொருளை உருவாக்கியது. வெவ்வேறு ஊர்களில் இருப்பவர்கள் ஒரே கட்டடத்துக்குள் கூடிப் பேச அது இடமளித்தது. சென்னை ஐ.ஐ.டி.யிலும் பேராசிரியர் மணிவண்ணன் முயற்சியால் மெய்நிகர்க் காட்சி ஆராய்ச்சிக்கென ஒரு மையம் உருவாகியுள்ளது.

சென்னையில் இருப்பவரும் பெங்களூரில் இருப்பவரும் இப்படிச் சந்திக்க மிகப் பெரிய இணைய வசதி வேண்டுமே என்று தோன்றலாம். கணக்கிட்டுப் பார்த்தேன். கட்டடத்தின் மாதிரி இருவருடைய கணிப்பொறியிலும் முன்பே இருக்கிறது. அனுப்ப வேண்டியது அவரவர் தலையும் இரு கைகளும் எங்கே உள்ளன என்பது மட்டுமே. ஒவ்வொன்றுக்கும் இடத்தைக் குறிக்க 3 எண்கள், கோணத்தைக் குறிக்க 3 எண்கள். எண் ஒன்றுக்கு 4 பைட் வீதம் 6 × 4 × 3 = 72 பைட். நொடிக்கு 90 முறை அனுப்பினால் 6,480 பைட். கைப்பேசியில் ஒரு படம் பார்க்கச் செலவாவதைவிட இது மிகக் குறைவு. பேச்சொலியைச் சேர்த்தாலும் நம் கிராமத்து இணையம் இதைத் தாங்கும்.

அட்டைப்பெட்டிச் சோதனை

விலையுயர்ந்த கருவி எதுவும் என்னிடம் இல்லை. 2014-இல் கூகுள் நிறுவனம் வெளியிட்ட கார்டுபோர்டு என்னும் அட்டைப்பெட்டியின் அமைப்பைப் பின்பற்றி, 45 மில்லிமீட்டர் குவியத் தொலைவுள்ள இரண்டு குவிலென்சுகளை ஓர் அட்டையில் பொருத்தி, பழைய கைப்பேசி ஒன்றைச் செருகினேன். குவியத்துக்குச் சற்று உள்ளே திரை இருப்பதால் பெரிதாக்கப்பட்ட மாயபிம்பம் தொலைவில் தெரியும். பள்ளியில் படித்த உருப்பெருக்கியின் தத்துவமே இது.

பிளெண்டர் என்னும் இலவச மென்பொருளில் எங்கள் வீட்டின் பழைய பிளானை அப்படியே முப்பரிமாணத்தில் வரைந்தேன். ஐந்து இடங்களில் நின்று சுற்றிலும் பார்ப்பது போல ஐந்து முழுவட்டப் படங்கள் எடுத்தேன். கண்ணின் உயரத்தை அம்மாவின் உயரத்துக்கு ஏற்ப வைத்தேன். இதில் தலையைத் திருப்பலாமே ஒழிய நடக்க முடியாது. நடக்க வேண்டுமானால் விலை கூடிய கருவி வேண்டும்.

பெட்டியை அம்மாவின் கண்ணில் வைத்தேன். கூடத்தைப் பார்த்தார், அடுப்படியைப் பார்த்தார். மூன்றாவது படம் அந்த நடைவழி. படம் மாறியவுடன் அவர் தலையைக் குனிந்தார். நான் எதுவும் சொல்லவில்லை. பிளானில் மூன்றரை அடி என்று எழுதியிருந்த இடத்துக்கு அவருடைய கழுத்து பதில் சொல்லிற்று.

அடுத்த முறை ஊருக்கு வந்த அப்பாவும் பார்த்தார். கொத்து வேலையில் 20 ஆண்டு கண்டவர். லேண்டிங்கின் அடிப்பக்கத்தையே நெடுநேரம் பார்த்துவிட்டு, "சென்டரிங் அடிக்கிறதுக்கு முன்னாடி இது மேஸ்திரி கையில இருக்கணும்" என்றார். நான் படித்த நூல்களில் இவ்வளவு சுருக்கமாக இதை யாரும் சொல்லவில்லை.

குறைகளும் எச்சரிக்கைகளும்

கருவியைப் புகழ்ந்து மட்டும் எழுதுவது முறையன்று. முதலாவதாக, இது தோற்றத்தையே காட்டும். மண்ணின் தாங்குதிறனையும் கம்பியின் பருமனையும் சிமெண்டின் தரத்தையும் காட்டாது. அவற்றுக்குப் பொறியாளரின் கணக்கே துணை. இரண்டாவதாக, மாதிரியில் தவறான அளவைக் கொடுத்தால் தவறான வீடே அழகாகத் தெரியும். வீடு விற்போர் பளபளப்பான காட்சியைக் காட்டி வாங்குவோரை மயக்கவும் இது பயன்படும். மூன்றாவதாக, சிலருக்குத் தலைசுற்றும்; முதியவர்களை உட்கார வைத்துச் சிறிது நேரமே காட்ட வேண்டும். நான்காவதாக, உள்ளே நின்று பேசி எடுத்த முடிவை வெளியே வந்தவுடன் பிளானில் திருத்தி எழுதி எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். இல்லையேல் கண்ட பிழை கண்டதோடு நின்றுவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய எச்சரிக்கை வேறு. இக்கருவி இன்று பெரும்பாலும் கட்டடக் கலைஞரும் பொறியாளரும் பணம் படைத்த வாடிக்கையாளரும் கூடும் குளிரூட்டிய அறைகளில் இருக்கிறது. அவர்கள் படம் படிக்கத் தெரிந்தவர்கள், அல்லது படித்துச் சொல்ல ஆள் வைத்திருப்பவர்கள். படம் படிக்கத் தெரியாத சித்தாளுக்கும் மேஸ்திரிக்கும் வீட்டுப் பெண்களுக்கும் இது எட்டவில்லை. யாருக்கு மிகவும் தேவையோ அவர்கள் கைக்கு வராதவரை கூட்டுமுயற்சி என்ற சொல் நிறைவு பெறாது.

நாம் செய்யக்கூடியது

தமிழக அரசு 2024-இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டின் பரப்பு 360 சதுர அடி. உதவித்தொகை 3 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய். 360 சதுர அடியில் ஒரு கதவு திறக்கும் பக்கம் மாறினாலும் கட்டில் போட இடமிருக்காது. சிறிய வீட்டில் சிறிய பிழை என்று ஒன்று இல்லை.

நம் கல்லூரியில் இயற்பியல் படிப்போர் உண்டு. கணிதம் படிப்போர் உண்டு. கணிப்பொறி படிப்போர் உண்டு. விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நாம், வீடு கட்டத் தொடங்கும் குடும்பம் ஒன்றின் பிளானை வாங்கி, இவ்வாறு ஐந்து படங்களாக ஆக்கி, சுண்ணாம்புக் கோடு போடும் நாளில் அட்டைப்பெட்டியோடு போய் நிற்கலாம். கோட்டுக்குள் நடந்து நீள அகலத்தைப் பார்க்கட்டும். பெட்டிக்குள் பார்த்து உயரத்தை அறியட்டும். செலவு சில நூறு ரூபாய். துறைப் பேராசிரியர்கள் இதனை ஒரு செய்முறைத் திட்டமாக ஏற்று வழிகாட்டினால், பட்டம் பெறுமுன்பே நம் படிப்பு ஊருக்குப் பயன்பட்டதாகும்.

அந்நாளில் முதலில் யார் கையில் பெட்டியைக் கொடுப்பது என்பதில் மட்டும் எனக்கு ஐயமில்லை. அந்த வீட்டில் தண்ணீர்க் குடம் தூக்கப் போகிறவரிடம் கொடுக்க வேண்டும். அவர் ஒரு கேள்வி கேட்டால் டேப்பை எடுக்குமுன் அந்தக் கேள்வியைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். நான் காலம் கடந்து கற்ற பாடம் இது. நண்பர்கள் காலத்தோடு கற்க வேண்டும் என்பதே என் விருப்பம்.